காதுக்குள் ஒரு குரு

இந்த மாதப் படிப்பு வட்டத்துக்கு ரே பிராட்பரி 1953-இல் வெளியிட்ட ‘ஃபாரன்ஹீட் 451’ நாவலை எடுத்துக்கொள்வோம். ஒரு நல்ல குரு எப்படி இருக்கணும் என்பதுதான் நம்ம கேள்வி.

கதை நடப்பது வருங்கால அமெரிக்காவில். அங்கே தீயணைப்பு வீரர்கள் தீயை அணைப்பதில்லை, புத்தகங்களைத்தான் எரிக்கிறார்கள். மோண்டாக் அப்படிப்பட்ட ஒருவன். செய்யும் வேலை மேல் சந்தேகம் வந்ததும், ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியர் ஃபேபரைத் தேடிப் போகிறான்.

ஃபேபர் பெரிய வீரர் இல்லை. பேச வேண்டிய காலத்தில் பேசாமல் இருந்துவிட்ட கோழை என்று தன்னையே சொல்லிக்கொள்பவர். புத்தகம் மட்டும் போதும் என்றும் அவர் சொல்வதில்லை. மூணு விஷயம் வேணும் என்கிறார்: தரமான கருத்து, அதை அசைபோட நேரம், புரிந்துகொண்டபடி நடக்கும் உரிமை.

பிறகு, தானே செய்த சின்னக் கருவி ஒன்றை மோண்டாக்கின் காதில் வைத்து அனுப்புகிறார். பொறியியல் படிக்கிற எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. மோண்டாக்கின் மனைவி மில்ட்ரெட்டும் நாள் முழுக்கக் காதில் வானொலி மாட்டியிருக்கிறாள். ஆனா அது பேச மட்டும்தான் செய்யும், அவள் சொல்வதைக் கேட்காது. ஃபேபரின் கருவியோ இருவழி. அவர் பேசுவார், மோண்டாக்கைச் சுற்றி நடப்பதையும் கேட்பார். குருவுக்கும் விளம்பரத்துக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

இருந்தாலும் ஆபத்து இருக்கிறது. மோண்டாக்கே அதைக் கண்டுபிடிக்கிறான். நேற்று அவங்க சொன்னதைச் செய்தேன், இன்னைக்கு நீங்க சொன்னதைச் செய்றேன், அப்படின்னா நான் மாறினதுக்கு என்ன அர்த்தம் என்பதே அவன் கேள்வி. ஃபேபர் கோபப்படவில்லை. இப்படிக் கேட்டதிலேயே உனக்கு அறிவு வந்துவிட்டது என்று மகிழ்கிறார்.

மேலதிகாரி பீட்டியும் நிறையப் படித்தவர். படித்ததையே ஆயுதமாக்கி மோண்டாக்கைக் குழப்புகிறார். அப்போது ஃபேபர், அவர் வாதத்தைக் கேட்டாச்சு, என் வாதத்தையும் கேள், ஆனா முடிவு உன்னுடையதா இருக்கட்டும் என்கிறார்.

நமக்கு இது புதுசா? பகவத் கீதையின் 18-ஆம் அத்தியாயத்தில், எல்லா ஞானத்தையும் சொல்லி முடித்த கண்ணன், இதை முழுமையாக ஆராய்ந்து பார்த்து உன் விருப்பப்படி செய் என்று அர்ஜுனனிடம் சொல்கிறான். கடவுளே கொடுத்த அந்த உரிமையை நாம் ஒருவருக்கொருவர் கொடுக்கிறோமா? ‘அண்ணன் சொன்னார், செய்தோம்’ என்பது ஒழுக்கம்தான். ஆனா ஏன் என்று தெரியாமல் செய்தால், நாளைக்கு வேறொரு அண்ணன் சொல்வதையும் அப்படியே செய்வோம்.

கலந்து பேச:
1. உங்கள் காதில் தினமும் ஒலிக்கும் குரல்களில் எது உங்களையும் கேட்கிறது?
2. ஃபேபர் சொன்ன மூன்றில் உங்களிடம் குறைவாக இருப்பது எது?
3. வகுப்பில் ஒரு தம்பியோ தங்கையோ ‘ஏன்?’ என்று கேட்டால், நீங்கள் என்ன செய்வீர்கள்?