உரக்குழியில் மக்காத டயப்பர்

எமது வட்டாரத்து ஊராட்சி ஒன்றின் உரக்குழியைச் சென்ற கோடையில் பார்வையிட்டோம். சாணமும் சருகும் நன்கு மக்கியிருந்தன. குழந்தைகளுக்கு அணிவித்து எறிந்த டயப்பர்கள் மட்டும் உருக்குலையாது கிடந்தன. “பஞ்சுதானே ஐயா, இன்னும் ஓராண்டு விட்டால் மக்கிவிடாதா?” என்று உறுப்பினர் ஒருவர் வினவினார். இதற்கு விடை காண, அப்பொருள் எவற்றால் ஆனது என்பதை அறிதல் வேண்டும்.

அமைப்பு

டயப்பர் பொதுவாக மூன்று பகுதிகளைக் கொண்டது. குழந்தையின் தோலைத் தொடும் மேற்பகுதி துணிபோல் தோன்றினும் நெய்யப்பட்டதன்று; பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன் என்னும் பிளாஸ்டிக் இழைகளால் ஆனது. ஈரம் கசியாது தடுக்கும் அடிப்பகுதி பாலிஎத்திலீன் தாளாகும். பிளாஸ்டிக் பைகள் பலவும் இதனாலேயே செய்யப்படுகின்றன. நடுவில் மரக்கூழ்ப் பஞ்சும், சோடியம் பாலிஅக்ரிலேட் என்னும் வெண்ணிறப் பொடியும் கலந்திருக்கும். இவையன்றி நீளும் இழை, பசை, ஒட்டு நாடா ஆகியனவும் உண்டு.

அப்பொடி, தூய நீராயின் தன் எடையைப்போல் பல நூறு மடங்கு உறிஞ்சிக் கூழாகும். சிறுநீரில் உப்பு இருப்பதால் ஏறத்தாழ 30 முதல் 60 மடங்கே உறிஞ்சும். இத்தகைய பொருள்களின் ஆராய்ச்சிக்கு உழவும் ஒரு காரணமாயிற்று. 1960களில் அமெரிக்க வேளாண்மைத் துறையினர், மண்ணில் ஈரத்தை நிறுத்தும் பொருளைத் தேடி மாவுச்சத்தைக்கொண்டு ஆராய்ந்தனர். 1980களில் இவ்வகைப் பொடி டயப்பர்களில் இடம்பெற்றது. ஆயினும், பயன்படுத்திய டயப்பரை வயலில் இடலாம் என எவரும் எண்ணலாகாது. அதில் மலக்கிருமிகளும் பிளாஸ்டிக்கும் கலந்துள்ளன.

மக்குவது எது?

மரக்கூழ்ப் பஞ்சு மக்கும். அதுவும் பிளாஸ்டிக் தாள்களுக்கிடையே அடைபட்டிருப்பதால் விரைவில் மக்குவதில்லை. ஏனைய பிளாஸ்டிக் பகுதிகள் நெடுங்காலம் அழியாது நிற்கும். உறுப்பினரின் வினாவுக்கு விடை இதுவே.

நாம் செய்யத்தக்கவை

1. மலத்தைக் கழிப்பறையில் கொட்டிவிட்டு, டயப்பரைச் சுருட்டித் தாளில் பொதிந்து, தூய்மைக் காவலரிடம் தனியே ஒப்படைத்தல் வேண்டும். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளும் உறையிலிட்டு ஒப்படைக்கும் முறையையே வகுத்தன.

2. கழிப்பறைக்குள் டயப்பரைப் போடலாகாது. நீரில் உப்பிக் குழாயை அடைத்துவிடும்.

3. வீட்டில் எரிக்கலாகாது. ஈரத்தால் சரிவர எரியாது. பிளாஸ்டிக் புகையோ உடலுக்குத் தீங்கானது.

4. ஓடையிலும் குளத்திலும் எறிதல் கூடாது. அந்நீரையே நம் கால்நடைகள் பருகுகின்றன.

5. வீட்டிலிருக்கும் வேளையில், துவைத்து வெயிலில் உலர்த்திய பழைய வேட்டித் துணியே குழந்தைக்குப் போதும். பயணத்திற்கு மட்டும் டயப்பரைக் கொள்ளலாம்.

ஊராட்சி மன்றங்கள் இச்செய்தியைக் கிராம சபையில் தாய்மார்களுக்கு எடுத்துரைத்தால், அடுத்த கோடையில் நம் உரக்குழிகளில் உரம் மட்டுமே கிடைக்கும்.