தேய்ந்த காசைப் படித்தல்

நுழையும்முன்
ஆற்று மணலைச் சலிப்போர் கையில் சில வேளைகளில் விரல்நகம் அளவேயான கரிய செப்புத் துண்டுகள் அகப்படும். உருவும் எழுத்தும் மங்கிய அவற்றைப் பழைய பாத்திரக் கடையில் எடைக்குப் போடுவோரும் உண்டு. உருப்பெருக்கிக் கண்ணாடியின்கீழ் வைத்து நோக்குவோரும் உண்டு. நோக்குவோர் எதைக் காண்கின்றனர்?

தமிழகத்தில் கிடைக்கும் பழங்கால அயல்நாட்டுக் காசுகளுள் உரோமானியக் காசுகள் முதன்மையானவை. கி.பி. முதல் நூற்றாண்டில் மிளகு முதலிய பொருள்களுக்கு ஈடாகப் பொற்காசுகளும் ‘தெனாரியஸ்’ என்னும் வெள்ளிக்காசுகளும் வந்தன. நான்கு, ஐந்தாம் நூற்றாண்டுகளைச் சார்ந்த சிறு செப்புக்காசுகள் கரூரில் அமராவதி ஆற்றுப்படுகையிலும் மதுரையிலும் கிடைத்துள்ளன. இச்செப்புக்காசுகளைப் பற்றி இரா. கிருஷ்ணமூர்த்தி 1994இல் ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார்.

தேய்ந்த காசைக் கையில் எடுத்ததும் கண் எழுத்தைத் தேடும். ஆனால், தொடங்கவேண்டிய இடம் அதுவன்று. உலோகம், எடை, விட்டம் ஆகியவற்றை முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். பேரரசர் நீரோ கி.பி. 64இல் காசுகளின் எடையைக் குறைத்தார். அதற்கு முற்பட்ட தெனாரியஸ் ஏறத்தாழ 3.8 கிராமும், பிற்பட்டது ஏறத்தாழ 3.4 கிராமும் இருக்கும். எடை குறைந்திருந்தால் தேய்மானம் காரணமாகலாம். மிகுந்திருந்தால் ஐயுற வேண்டும். விளிம்பில் செம்பு தலைகாட்டினால் அது வெள்ளிமுலாம் பூசிய போலி.

அடுத்து, காசைச் சாய்வான ஒளியில் பிடித்து மெல்லத் திருப்ப வேண்டும். மேடான பகுதிகளே முதலில் தேயும். எனவே அரசனின் கன்னமும் முடியும் மறைந்தபின்னரும் தலையின் புறவடிவம் எஞ்சும். அதைக்கொண்டு அரசனை உறுதிசெய்தல் அரிது. பின்பக்கமே பெரிதும் கைகொடுக்கும். அமர்ந்த பெண்ணின் நிழலுரு ஒன்றும் அவள் கையில் நீண்ட கோலும் தெரிந்தால், அவ்வெள்ளிக்காசு திபேரியஸ் காலத்ததாகலாம். இரு இளைஞர் நிற்க, அவர்களிடையே கேடயங்கள் தெரிந்தால் அது அகஸ்டஸ் வெளியிட்டது. பிற்காலச் செப்புக்காசிலோ, கொடிக்கம்பத்தின் இருமருங்கும் நிற்கும் வீரர்கள், குதிரையிலிருந்து வீழ்ந்தவனை ஈட்டியால் குத்தும் வீரன், வளையத்தினுள் சிலுவை எனச் சில உருவங்களே திரும்பத் திரும்ப வரும். ஓர் எழுத்தும் படிக்க இயலாத காசையும் இவற்றால் ஏறத்தாழ இன்ன காலத்தது எனக் கூறிவிடலாம்.

மதிப்பிடுதல் வேறு கலை. அதில் பழமை ஒன்றே விலையாகாது. ஆயிரக்கணக்கில் கிடைக்கும் ஈராயிரம் ஆண்டுக் காசைவிட, அருகிய இருநூறாண்டுக் காசு மிகுதியாக விலைபோகலாம். விற்பவர் கேட்கும் தொகையை அளவாகக் கொள்ளாமல், அதே வகையும் அதே தேய்மானமும் உடைய காசு ஏலத்தில் உண்மையில் விற்ற தொகையையே ஒப்பிட வேண்டும். துளையும் வெட்டும் விலையைக் குறைக்கும்.

சந்தையின் இக்கணக்கு வரலாற்றாய்வாளருக்குப் பொருந்துவதில்லை. 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் 501 உரோமானியப் பொற்காசுகள் அடங்கிய புதையல் கிடைத்தது. அவற்றுள் மிகப் பலவற்றில் அரசனின் தலைமீது உளியால் வெட்டியிருந்தார்கள். அவை நெடுங்காலம் புழங்கித் தேய்ந்தவையும்கூட. தேய்ந்த காசுகளைப் புழக்கத்திலிருந்து நீக்கவே வெட்டினர் என்பர் சிலர். அயல்வேந்தன் உருவை மறுத்தனர் என்பர் வேறு சிலர். முன்னதே பொருத்தமாகத் தோன்றுகிறது. எவ்வாறாயினும், வணிகர் குறை எனத் தள்ளும் அவ்வெட்டே இப்புதையலின் அரிய சான்று.

புளியும் எலுமிச்சையும் இட்டுத் தேய்த்துப் பழங்காசைப் பளபளப்பாக்குவது நம் வீடுகளில் வழக்கம். களிம்போடு எஞ்சிய உருவும் அதில் கரைந்துபோகும், விலையும் வீழும். கிடைத்த இடத்தையும் உடன் கிடைத்தவற்றையும் குறித்துவைக்காவிடில் மற்றோர் இழப்பு நேரும்: அக்காசு எங்கிருந்தோ வந்த காசாகிவிடும். மண்ணில் மறைந்திருந்த பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடைய புதையலைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம்.

கற்பவை கற்றபின்
உங்கள் வீட்டிலோ அருங்காட்சியகத்திலோ உள்ள தேய்ந்த காசு ஒன்றைத் தேர்ந்துகொள்க. அதன் எழுத்தைப் படிக்குமுன், உலோகம், விட்டம், எஞ்சிய உருவம், தேய்மானம் ஆகியவற்றை மட்டும் கொண்டு ஒரு குறிப்பு வரைக.