சுவார்ட்ஸ் ஐயர் காலத்துத் திருச்சியில் அடிமைகள் இருந்தார்களா?

கேள்வி:



நான் ஸ்ரீரங்கத்தில் வசிக்கும் பள்ளி ஆசிரியை. அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பின்னணியாகக் கொண்ட கிறிஸ்தவ நாவல்கள் சிலவற்றை அண்மையில் வாசித்தேன். காலையும் மாலையும் வேதம் வாசிக்கும் குடும்பத்திலேயே அடிமைகள் இருக்கிறார்கள். அந்த வீட்டுப் பிள்ளை ஒருவன் பெற்றோருக்கும் மனச்சாட்சிக்கும் நடுவில் தவிக்கிறான். அந்தத் தவிப்பு என்னை விடவில்லை. நம் ஊரைக் களமாக வைத்துத் தமிழில் அப்படி ஒரு நாவல் எழுத ஆசைப்படுகிறேன். ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் திருச்சியில் ஊழியம் செய்த காலமும், மைசூரின் ஹைதர் அலி படையெடுத்த காலமும் மனதில் இருக்கின்றன.

மூன்று சந்தேகங்கள். நம் பகுதியில் அடிமைமுறை உண்மையிலேயே இருந்ததா, அல்லது அது வெளிநாட்டுச் சங்கதியை இங்கே கொண்டுவந்து ஒட்டுவதாகிவிடுமா? அந்தப் போர்களில் இங்கிருந்த கிறிஸ்தவர்கள் யார் பக்கம் நின்றார்கள்? சுவார்ட்ஸ் ஐயரை அடிமைகளை விடுவிப்பவராகக் காட்டலாமா?

– வாசகி, ஸ்ரீரங்கம்

பதில்:

அன்புச் சகோதரி,

முதல் கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன். இருந்தது. உங்கள் தீவைச் சுற்றியுள்ள நன்செய் ஊர்களிலேயே இருந்தது.

1819இல் சென்னை வருவாய் வாரியம் ஒவ்வொரு மாவட்ட கலெக்டரிடமும் அடிமைகளைப் பற்றி அறிக்கை கேட்டது. திருச்சி கலெக்டராக இருந்த லஷிங்டனும் பதில் எழுதினார். காவிரிப் பாசன ஊர்களின் மிராசுதார்களிடம் பள்ளர், பறையர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் பண்ணையாட்களாகக் கட்டுண்டிருந்தன. நிலம் கைமாறினால் அவர்களும் கைமாறுவார்கள். நிலத்தை அடகு வைத்தால் அவர்களும் அடகில் போவார்கள். இது கம்பெனி காலத்தில் முளைத்த வழக்கமும் அல்ல. 1201இல் பஞ்சம் தாங்காமல் ஒரு வேளாளர் தம்மையும் தம் இரண்டு பெண்களையும் 110 காசுக்குக் கோயிலுக்கு விற்றுக்கொண்டதைத் திருப்பாம்புரம் கல்வெட்டு சொல்கிறது. சுந்தரரைத் தடுத்தாட்கொண்ட கதையில் திருவெண்ணெய்நல்லூர் சபையார் ஆளோலையை வாங்கிப் பார்த்து வழக்குத் தீர்க்கிறார்கள். அந்தணர் அடிமையாவதுதான் அங்கே எல்லோருக்கும் வியப்பு. ஆளோலை என்ற ஒன்று இருப்பதில் யாருக்கும் வியப்பில்லை.

வயலில் இருந்த அடிமைத்தனம் கடலுக்கும் போனது. டச்சுக்காரர் 1658இல் நாகப்பட்டினத்தைப் போர்த்துகீசியரிடமிருந்து பிடித்தார்கள். அடுத்த ஆண்டுகளில் பீஜப்பூர்ப் படைகள் தஞ்சைச் சீமையைச் சூறையாட, பஞ்சம் வந்தது. 1659 முதல் 1661 வரை டச்சுக் கம்பெனி அந்தக் கரையில் 8,000 முதல் 10,000 பேரை அடிமைகளாக வாங்கியதென்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். பெரும்பாலோர் இலங்கைக்கு அனுப்பப்பட்டார்கள். மிச்சப் பேர் பத்தாவியாவுக்கும் மலாக்காவுக்கும். அந்த நாட்களின் துயரத்தைத் திருச்சியில் இருந்தபடி ரோமாபுரிக்கு எழுதியவர் யேசு சபைக் குரு அந்தோணி தெ புரோயென்சா. உங்கள் நாவலுக்கு வேண்டிய போர், பஞ்சம், அடிமைக் கப்பல், அதைப் பார்த்துக் கலங்கும் ஒரு குரு எல்லாம் இந்த மண்ணிலேயே இருக்கின்றன. வேறெங்கிருந்தும் கடன் வாங்க வேண்டாம்.

மூன்றாவது வகை, படையில் இருந்த அடிமைகள். 1740களிலும் 50களிலும் ஆங்கிலக் கம்பெனிப் படையில் சிப்பாய்களோடும் துப்பாசிச் சோல்ஜர்களோடும் காப்பிரிகளும் இருந்தார்கள். மடகாஸ்கரிலிருந்தும் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் அவர்கள். எதிர்ப்பக்கம் ஹைதரும் திப்புவும் கர்நாடகச் சீமை எனப்பட்ட ஆற்காட்டு நவாபின் நாட்டில் பிடித்த சிறுவர்களைக் கொண்டுபோய்ச் சேலா என்ற பட்டாளங்களில் சேர்த்தார்கள். ஆகவே அடிமைத்தனத்தை ஒரே கொடியின் கீழ் நிறுத்திவிடாதீர்கள். எந்தப் பாளையத்தில் தேடினாலும் கட்டுண்ட மனிதர் கிடைப்பார்.

இரண்டாவது கேள்வி, யார் பக்கம் என்பது. அந்தக் காலத்துத் திருச்சியில் கிறிஸ்தவரல்லாதவருக்கும் இதற்குத் தெளிவான பதில் இல்லை. 1752இல், நவாப் பதவிக்காக முகமது அலியோடு மோதிய சந்தா சாகிப்போடு திருச்சியை முற்றுகையிட வந்த பிரெஞ்சுப் படை உங்கள் ஸ்ரீரங்கம் தீவின் கோயில் மதில்களுக்குள் தங்கியிருந்து, ஜூன் மாதம் அங்கேயே சரணடைந்தது. நவாப் முகமது அலி மைசூர் நஞ்சராஜனுக்குத் திருச்சியைத் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு மறுத்தார். நேற்றுவரை நண்பனாக இருந்த மைசூர் அதனால் பகையானது. அந்த முற்றுகையில் கம்பெனிக்காகச் சண்டையிட்டுப் பெயர் பெற்ற யூசுப் கான், அதாவது மருதநாயகம், பின்னாளில் அதே கம்பெனியையும் நவாபையும் எதிர்த்து நின்று, 1764 அக்டோபர் 15 அன்று மதுரையில் தூக்கிலிடப்பட்டார். அவர் மனைவி கிறிஸ்தவப் பெண். மதுரையை முற்றுகையிட்ட படையோடு போய்க் காயம்பட்டவர்களைக் கவனித்தவர் சுவார்ட்ஸ் ஐயர். அதற்காக நவாபும் கம்பெனியும் கொடுத்த பணத்தை அவர் தமக்கென்று வைத்துக்கொள்ளாமல் படைவீரர்களின் அனாதைப் பிள்ளைகளுக்கும் சபைக்கும் செலவிட்டார். 1766 மே 18 அன்று கோட்டைக்குள் கிறிஸ்து ஆலயம் பிரதிஷ்டையானது. முற்றுகையில் விதவையான ஒரு பெண் அந்த ஆலயத்துக்கு முதன்முதலில் வந்து உட்காரும்போது என்ன நினைத்திருப்பாள்? இப்படிப்பட்ட கேள்விகளில்தான் நாவல் தொடங்குகிறது.

இரட்டை விசுவாசத்தின் உச்சம் 1779. ஹைதரோடு சமாதானம் பேச ஆள் தேவைப்பட்டபோது சென்னை கவர்னர் ரம்போல்டு இந்த ஜெர்மன் போதகரைத்தான் அழைத்தார். தமிழும் இந்துஸ்தானியும் பாரசீகமும் அறிந்தவர், கைக்கூலி வாங்காதவர் என்பது ஊரறிந்த செய்தி. சமாதானத்துக்காகப் போவதில் தவறில்லை என்று எண்ணி அவரும் ஸ்ரீரங்கப்பட்டணம் போனார். ஆனால் அதே ஆண்டு மார்ச்சில் கம்பெனி, ஹைதர் தம் பாதுகாப்பில் இருப்பதாகச் சொல்லிவந்த பிரெஞ்சுத் துறைமுகமான மாஹேயைப் பிடித்திருந்தது. அவருடைய நாட்டின் வழியே படையையும் அனுப்பியது. ஐயர் கொண்டுபோன சமாதான வார்த்தைக்குப் பின்னால் அதை அனுப்பியவர்களின் உள்ளம் இல்லை. ஹைதர் அவரை மரியாதையோடு நடத்தி, வழிச்செலவுக்கு 300 ரூபாய் கொடுத்தார். ஐயர் அதைக் கம்பெனியிடம் ஒப்படைக்கப் போக, அவர்கள் வாங்கவில்லை. தஞ்சையில் ஒரு பள்ளிக்கென்று ஒதுக்கினார். மறு வருஷம் ஜூலையில் போர் வெடித்தது. தன் சொல்லை நம்பிய ஒருவரிடம் தன்னை அனுப்பியவர்கள் பொய்த்துப்போனார்கள் என்று தெரிந்தபின் ஒரு போதகர் எப்படி ஜெபித்திருப்பார்? அதற்குச் சரித்திரத்தில் இடைவெளிதான் உண்டு. நாவலாசிரியருக்கு அந்த இடைவெளி போதும்.

மூன்றாவது கேள்விக்கு என் பதில்: காட்டாதீர்கள். அவரை நான் நேசிக்கிறேன், அதனாலேயே சொல்கிறேன். பஞ்சத்தில் சாகக் கிடந்த தஞ்சைக் கோட்டைக்குத் தம் சொல்லையே ஈடாக வைத்து ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகளைத் திரட்டி 80,000 கலம் நெல் கொண்டுவரச் செய்தவர் அவர். ராஜாவின் அதிகாரிகளை நம்பாத கிராமத்தார் அவர் கையால் பணம் தருவார் என்று நம்பினார்கள். அந்தப் பெருமை அவருக்கு முழுவதும் உரியது. ஆனால் அந்த நெல்லை விளைவித்த பண்ணையாளின் அடிமைக்கட்டை அறுக்க அவர் இயக்கம் நடத்தவில்லை. பிரிட்டனிலேயே அடிமை வணிகத்துக்கு எதிரான சங்கம் 1787இல்தான் அமைந்தது. பின்னால் பிறந்த வார்த்தைகளை முன்னால் வாழ்ந்தவர் வாயில் வைத்தால் அவருக்கும் நியாயம் ஆகாது, அந்தப் பண்ணையாளுக்கும் நியாயம் ஆகாது. யாரோ ஒரு பெரியவர் வந்து விடுவித்தார் என்று கதை முடிந்தால், விடுபடாமல் செத்துப்போன ஆயிரக்கணக்கானவர்களை நாம் மறந்துவிடுவோம்.

சட்டம் எவ்வளவு மெதுவாக வந்தது என்று பாருங்கள். 1789இல் கார்ன்வாலிஸ் கடல்வழி அடிமை ஏற்றுமதியைத் தடைசெய்தார். வயலடிமையைத் தொடவில்லை, நன்செய் வரி அந்த உழைப்பில்தான் வந்தது. 1833இல் பிரிட்டன் தன் பேரரசில் அடிமைமுறையை ஒழித்தபோதும் கம்பெனி ஆண்ட பகுதிகளை அதிலிருந்து விலக்கியது. 1843இன் 5ஆம் சட்டம் அடிமை உரிமையை நீதிமன்றம் ஏற்காது என்று மட்டும் சொன்னது. 1862இல் தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகுதான் அது குற்றமானது. அதன்பின்னும் கடன் என்ற பெயரில் படியாள் கட்டு தொடர்ந்து, 1976இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வேண்டியிருந்தது.

இன்னொன்றையும் மனம் விட்டுச் சொல்ல வேண்டும். கிறிஸ்தவ நாவல் எழுதும்போது பாவத்தை அயல்வீட்டில் மட்டும் கொண்டுபோய் வைக்கும் ஆசை வரும். மிராசுதாரைக் கொடியவராகவும், நம் சபையைத் தஞ்சம் தரும் மரமாகவும் எழுதிவிடுவது சுலபம். ஆனால் தரங்கம்பாடியில் சீகன்பால்க் ஐயர் 1707 மே 12 அன்று கொடுத்த முதல் ஞானஸ்நானத்தைப் பெற்ற ஐந்து பேரும் ஐரோப்பியர் வீட்டு அடிமைகள். தமிழகத்துப் புராட்டஸ்டண்டு சபை அடிமைகளைக் கொண்டே தொடங்கியது. அவர்களின் எஜமான்களும் கிறிஸ்தவர்களே. ஞானஸ்நானம் அடிமைத்தளையை அறுக்கும் என்ற சட்டம் அங்கே இல்லை. தஞ்சையிலும் திருச்சியிலும் சபைகள் வளர்ந்தபோது ஆலயத்துக்குள்ளேயே சாதிவாரியாக உட்காரும் வழக்கம் பொறுத்துக்கொள்ளப்பட்டது. சுவார்ட்ஸ் ஐயர் காலத்திலும்தான். பிலேமோனுக்குப் பவுல் எழுதின நிருபத்தை எடுத்து, ஒநேசிமுவின் இடத்தில் நின்று ஒருமுறை வாசியுங்கள். கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு எஜமான் வீட்டு வாசலுக்குத் திரும்பி நடந்தவன் அவன். அந்த நடையில் அவன் மனதில் ஓடியதை நிருபம் சொல்லவில்லை. உங்கள் நாவலின் இடம் அதுதான்.

எப்படி எழுதலாம் என்பதற்கு ஒரு முன்னோடியும் உண்டு. பாளையங்கோட்டை கிளாரிந்தா, ஆங்கில அதிகாரி லிட்டில்டனோடு வாழ்ந்த பிராமண விதவை. அந்த வாழ்க்கையைக் காரணம் காட்டி முதலில் ஞானஸ்நானம் மறுத்த சுவார்ட்ஸ் ஐயர், அதிகாரி இறந்தபின் 1778இல் கொடுத்தார். பிறகு அந்த அம்மாள் அங்கே ஆலயம் கட்டினார். இந்தச் சில வரிச் செய்தியிலிருந்து அ. மாதவையா 1915இல் ஆங்கிலத்தில் ஒரு நாவலே எழுதினார். மாதவையா கிறிஸ்தவர் அல்லர். ஆனாலும் போதகரின் மனச்சாட்சியை விட அந்தப் பெண்ணின் மனச்சாட்சியை நடுவில் வைத்தார்; நாவலுக்கும் அவள் பெயரையே இட்டார்.

உங்களுக்கு நான் சொல்லக்கூடிய களம் 1781. அந்த ஆண்டு ஜூனில் ஹைதரின் படை திருச்சியை நெருக்கி, பிறகு பரங்கிப்பேட்டை நோக்கித் திரும்பியது. கொள்ளிடக் கரை ஊர் ஒன்றின் பண்ணையாள் ஒருவர் அந்தக் கலவரத்தில் கோட்டைக்குள் ஓடிவருகிறார் என்று கற்பனை செய்யுங்கள். டோலி தூக்கியோ பொதிமாடு ஓட்டியோ பிழைக்கிறார். வாழ்நாளில் முதன்முறையாகக் கையில் கூலி வாங்குகிறார். உபதேசியாரின் பேச்சைக் கேட்டு ஆலயத்துக்கு வருகிறார். அப்போது சுவார்ட்ஸ் ஐயர் தஞ்சைக்குப் போயாகிவிட்டது. திருச்சிச் சபை, அவருக்குப் பின் அங்கே இருந்த மிஷனரியான போலே ஐயரின் பொறுப்பில். பகைவர் படை விலகியதும் மிராசுதார் தம் ஆளைத் தேடிக் கோட்டை வாசலுக்கு வருகிறார். கோட்டைக்கு அவருடைய நெல் வேண்டும். சபைக்குக் கோட்டையின் தயவு வேண்டும். உபதேசியாருக்கு இரண்டும் தெரியும். ஊரில் அந்தப் பண்ணையாளின் மனைவியும் பிள்ளைகளும் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இதில் ஆங்கிலேயன், மைசூரான் என்ற பக்கங்களெல்லாம் பின்னால் போய்விடும். திரும்பிப் போனால் குடும்பம் கிடைக்கும், கட்டும் கிடைக்கும். நின்றால் கூலி உண்டு, பிள்ளைகள் இல்லை. உபதேசியார் வாய் திறப்பாரா என்பது ஒரு கேள்வி. அதைவிடப் பெரிய கேள்வி அந்தப் பண்ணையாள் என்ன செய்வார் என்பது.

எழுதத் தொடங்குமுன் சென்னை ஆவணக் காப்பகத்தில் 1819 அறிக்கைகளைப் பாருங்கள். ஜெர்மனியின் ஹாலேயில் அச்சான மிஷன் அறிக்கைகளில் தமிழ் உபதேசியார்களின் நாட்குறிப்புகளும் இருக்கின்றன. அவற்றில் எஜமான்களும் போதகர்களும் பேசுவார்கள். பண்ணையாட்கள் அநேகமாகப் பேச மாட்டார்கள். அவர்களைப் பேசவைப்பது உங்கள் வேலை. மனச்சாட்சி எஜமானுக்கும் மிஷனரிக்கும் மட்டும் உரியதென்று எழுதப்பட்ட கதைகள் நம்மிடம் போதும் போதுமென்கிற அளவுக்கு உண்டு. அடிமைக்கும் அது உண்டு. அவருக்கும் விசுவாசமும் சந்தேகமும் கோபமும் உண்டு. கடைசி அத்தியாயத்தின் முடிவை அவரே எடுக்கும்படி எழுதுங்கள்.