துண்டு காலியாகக் கிடக்கும் நாளில்

அன்புள்ள தம்பிக்கு,

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் காலையிலிருந்து பொழுது சாயும்வரை பறை அடித்தும் துண்டில் எழுபது ரூபாய்தான் விழுந்தது என்றாய். அதைவிட, "எந்த ஊர்ல சாவு?" என்று ஒருவர் கேட்டுவிட்டுப் போனதுதான் உன்னை அதிகம் அறுத்திருக்கிறது. பறையை ஆணியில் மாட்டிவிடலாமா என்று கேட்டாய். அதற்குள் என் பஸ் வந்துவிட்டது. அதனால்தான் இந்தக் கடிதம். உன்னைப் போல் தெருவில் நிற்கும் மற்றப் பிள்ளைகளும் படிக்கட்டும் என்று பத்திரிகைக்கே அனுப்புகிறேன்.

முதலில் அந்தக் கேள்வி. சாவுக்கு அடிப்பதில் எந்த இழிவும் இல்லை. அடிக்கச் சொல்லிவிட்டு, வாசலுக்கு வெளியே நிறுத்திக் கூலியை எறிந்தார்களே, இழிவு அவர்களுடையது. அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள், இதே பறைக்குத்தான். அடுத்த முறை எவராவது கேட்டால் குரலை உயர்த்தாமல் அந்தப் பெயரைச் சொல்.

இன்னொரு பேச்சும் உன் காதில் விழும்: இது பிச்சை என்று. சட்டமே அப்படிச் சொன்ன காலம் உண்டு. 1959ஆம் ஆண்டின் பம்பாய் பிச்சைத் தடுப்புச் சட்டம், பொது இடத்தில் பாடிக் காசு வாங்குவதையும் ஆடிக் காசு வாங்குவதையும் பிச்சைக் கணக்கில்தான் சேர்த்தது. அது டெல்லியிலும் நடப்பில் இருந்தது. 2018இல் டெல்லி உயர் நீதிமன்றம் பிச்சையைக் குற்றமாக்கிய அதன் பிரிவுகளை அங்கே செல்லாதவை ஆக்கியது. துண்டில் விழுவது உன் கூலி. கூச்சப்படாமல் எடு.

சரி, விழாத நாளுக்கு என்ன செய்வது? நீ மலைபடுகடாம் படிக்க வேண்டும், தம்பி. பத்துப்பாட்டில் ஒன்று, 583 அடி. நம் கல்வராயன் மலைக்கு வடக்கே, செங்கத்தில் இருந்த மன்னன் நன்னனிடம் போகச் சொல்லி, ஒரு கூத்தர் கூட்டத்துக்குப் புலவர் பெருங்கௌசிகனார் வழி சொல்கிறார். அவர்களும் நம்மைப் போல முழவையும் ஆகுளி என்ற சிறுபறையையும் கொம்பையும் பையில் கட்டித் தோளில் சுமந்து நடந்தவர்கள். பரிசு கொடுப்பவனைப் பற்றிய பாட்டுதான். ஆனால் அதில் பெரும்பகுதி வழிதான். பன்றிக்குப் பொறி வைத்த தடம் எது, பாம்பு கிடக்கும் குழி எங்கே, தினைப்புனத்துக் கவண்கல் பறந்து வந்தால் எங்கே ஒதுங்குவது, வழுக்கும் கரையில் எதைப் பிடித்து இறங்குவது, இரவு எந்தக் குடியில் சோறு கிடைக்கும், எல்லாம் உண்டு. நம் தொழில் அன்றைக்கும் இப்படித்தான் இருந்திருக்கிறது. கொடுப்பவன் முகத்தைப் பார்ப்பது ஒரு பொழுது, நடப்பது பல நாள்.

ஒரு ஐப்பசித் தூறலில் கச்சிராயபாளையத்தில் நின்றேன். தோல் நமுத்துப்போய், அடித்தால் ஈரச் சாக்கை அடித்ததுபோல் தொப் என்றது. டீக்கடைக்குப் பின்னால் ஒரு பிடி வைக்கோலைக் கொளுத்திக் காய்ச்சினேன். தீ நாக்கு படாமல் சூடு மட்டும் படும்படி பறையைச் சுற்றிச் சுற்றித் திருப்ப வேண்டும். புறங்கையால் தோலைத் தொட்டுப் பார்க்க வேண்டும். விரலால் சுண்டினேன். பரவாயில்லை என்று தோன்றியது. வெள்ளிமலை பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு மலைக்காரப் பாட்டி திரும்பிக்கூடப் பார்க்காமல், "இன்னும் கொஞ்சம் காயட்டும் சாமி" என்றார். காய்ச்சினேன். அவர் சொன்னதுதான் சரி. சிண்டுக் குச்சி பட்டதும் கணீரென்றது. பஸ் ஏறும் முன் மூட்டையை அவிழ்த்து ஒரு கை கடுக்காயைத் துண்டில் வைத்துவிட்டுப் போனார். அன்று மாலைவரை வேறு எதுவும் விழவில்லை. காதுள்ள ஒருவர் கிடைத்தார் என்று நடந்தே வீடு திரும்பினேன்.

அதற்காகப் பட்டினி கிடக்கச் சொல்லவில்லை. அடைமழைக் காலத்துக்கு இன்னொரு வேலையைக் கைவசம் வைத்துக்கொள். ஆடித் திருவிழாக் காசில் கொஞ்சம் ஒதுக்கு. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிந்து அட்டை வாங்கு. 2007லிருந்து இருக்கிறது, நம் ஆட்களில் பலர் இன்னும் எட்டிப் பார்க்கவில்லை.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இரு. பார்வை இல்லாத பாடகர் ஒருவர் நிற்கும் இடத்தில் நீ பறையை எடுக்காதே. உன் அடியில் அவர் குரல் செத்துப்போகும். அவருக்கு அது ஒரு வேளைச் சோறு.

பறையை ஆணியில் மாட்டாதே. வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குக் கச்சிராயபாளையத்துக்கு வா. வைக்கோல் நான் கொண்டு வருகிறேன்.

உன் அண்ணன்