பெட்டியோடு போன பணம்

சாம்பல்தீவில் என் கடையில் ஒருமுறை களவு போனது. பூட்டை எவரும் உடைக்கவில்லை. இரும்புப் பெட்டியையே தூக்கிச் சென்றுவிட்டார்கள். அதைத் தரையோடு போல்ட் போட்டு இறுக்காதது என் தவறு.

பெட்டி வாங்கும் வியாபாரிகளே, தீயைத் தாங்கும் பெட்டி வேறு, களவைத் தாங்கும் பெட்டி வேறு. முன்னதில் இரும்புத் தகடு மெல்லியதாக இருக்கலாம். அமெரிக்காவின் யூ.எல். தரத்தில் வீட்டுப் பெட்டி கருவித் தாக்குதலை 5 நிமிடம் தாங்கினால் போதும், டி.எல்.15 என்றால் 15 நிமிடம். ஆக, பெட்டி நமக்கு வாங்கித் தருவது நேரம் மட்டுமே. அதற்குள் அயலவரை எழுப்ப அலாரமும் வேண்டும்.

கொங்கிரீட் தரையில், நெம்புகோல் போட இடமில்லாத மூலையில் பொருத்துங்கள். மறுசாவியை வேறிடத்தில் வையுங்கள். நாளாந்த வருமானத்தை வங்கியில் இடுங்கள்.