புதிய மீன்களைத் தொட்டியிற் பழக்குதல்

நாற்றுமேடையிலிருந்து பறித்த கத்தரி நாற்றை நடுப்பகல் வெயிலில் நடும் கமக்காரர் எவருமிலர். மாலையில் நட்டு, நீரூற்றி, இரண்டொரு நாள் நிழலுங் கொடுப்பர். ஆயினும் பிள்ளைகளின் விருப்பத்தின் பொருட்டு வாங்கிவந்த கப்பி மீனையோ பொன்மீனையோ அவரே பையோடு கவிழ்த்துத் தொட்டியிற் கொட்டிவிடுகின்றனர். மறுநாட் காலை மீன்கள் செத்து மிதக்கின்றன. பழி விற்றவர்மீது விழுகின்றது. பெரும்பாலும் குறை தொட்டியிலேயே உள்ளது.

முற்றத்திற் கட்டிய புதிய சீமெந்துத் தொட்டியிலிருந்து சுண்ணாம்பு கரைந்து நீரைக் கடுங்காரமாக்கும். நீர் தெளிவாகத் தோன்றினும் மீனின் செவுள் அதிற் புண்படும். ஆதலால் தொட்டியை நிரப்பி, வாழைத்தண்டுத் துண்டுகளை இட்டு, ஒரு கிழமை ஊறவிட்டபின் நீரை முற்றாக வெளியேற்றித் தேய்த்துக் கழுவுக. இவ்வாறு இரண்டு மூன்று முறை செய்தல் வேண்டும்.

குழாய் நீரிற் குளோரீன் உண்டு. ஆழ்கிணற்று நீரில் ஒட்சிசன் குறைவாயிருக்கக்கூடும். எந்நீராயினும் அகன்ற பாத்திரத்தில் ஒருநாள் காற்றாட வைத்தே பாவிக்க வேண்டும். பீடைநாசினி கலந்த வாளியை, எத்தனை முறை கழுவியிருப்பினும், மீன்தொட்டிக்கு எடுத்தலாகாது. பைரித்திரொயிட்டு வகை நாசினிகள் மிகச் சிறிய அளவிலேயே மீனைக் கொல்வன.

மீனை மாலையிற் கொண்டுவருதல் நன்று. கட்டவிழ்க்காத பையை 15 முதல் 20 நிமிடம் வரை தொட்டி நீரில் மிதக்கவிடுக. இரு நீரினதும் வெப்பம் ஒன்றாகும். பின்னர் கட்டை அவிழ்த்து, ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை ஒரு கோப்பைத் தொட்டிநீரைப் பையிற் சேர்க்க. அரை மணி நேரம் போதும். நெடுந்தூரம் வந்த மீனாயின் அதற்கு மேலுந் தாமதித்தல் ஆகாது. கட்டவிழ்ந்ததும் பையிலுள்ள கரியமிலவாயு வெளியேற, அங்கே தேங்கிய அமோனியாவின் நஞ்சு கூடுகின்றது. சிறுவலையால் மீனை மட்டும் எடுத்து விடுக. பைநீர் தொட்டிக்குள் வேண்டாம்.

முதல்நாள் மீன் மூலையில் ஒதுங்கி நிற்கும். பசியென்று எண்ணி இரைபோடுவோர் பலர். அன்று இரையே வேண்டியதில்லை.

இனி உண்மையான இடர் வருகின்றது. மீனின் கழிவிலும் எஞ்சிய இரையிலும் அமோனியா உண்டாகும். வயல் மண்ணில் யூரியா அமோனியாவாகிப் பின்னர் நைத்திரேற்றாக மாறுவது போலவே தொட்டியிலும் பற்றீரியாக்கள் அதை நைத்திரைற்றாகவும், பின் தீங்கு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. புதுத் தொட்டியில் இப்பற்றீரியாக்கள் பெருக நான்கு முதல் ஆறு கிழமை செல்லும். முதல் வாரம் நன்றாக நீந்திய மீன் மூன்றாம் வாரம் இறப்பது இதனாலேயாம். ஆகவே முதலில் இரண்டு மூன்று மீன்களே போதும். அயலாரின் பழந்தொட்டியில், நோயற்ற மீன்கள் வாழுமாயின், ஒரு பிடி கூழாங்கல் கேட்டு வாங்கி இடுக. கடையில் விற்கும் எம்மருந்தினும் அது மேல் என்பது எமது கருத்து. சில நிமிடங்களில் உண்டு தீரக்கூடிய இரையை மட்டும் போட்டு, கிழமைதோறும் காற்பங்கு நீரை மாற்றுக. அகற்றும் நீர் மிளகாய்க் கன்றுக்கு நல்ல உரம்.

ஏற்கெனவே மீனுள்ள தொட்டியாயின், புதியவற்றை இரண்டு கிழமை வேறு பாத்திரத்தில் வைத்து, வெண்புள்ளி முதலிய நோயில்லை எனக் கண்டபின்னரே சேர்க்க. மீன்கொத்தியும் கொக்கும் அணுகாவண்ணம் தொட்டிக்கு வலையிடுக.

வேண்டாத மீனைக் குளத்திலோ வாய்க்காலிலோ விடுதல் கூடாது. தொட்டி துடைக்கவென வாங்கப்பட்ட பிறநாட்டு மீனினம் இவ்வாறு வெளியேறி இலங்கையின் நன்னீர்நிலைகளிற் பெருகியுள்ளது. அதனை வளர்க்க விரும்பும் வேறொருவரிடங் கொடுத்துவிடுக.