தூக்கத்துக்கும் ஒரு பிளாக் வேண்டும்
(ஓய்வு பெற்ற ரயில்வே பொறியாளர் ஒருவரின் அனுபவப் பாடம்)



சென்ற மாதம் டோம்பிவிலியில் எங்கள் கட்டடத்தில் குடியிருக்கும் தம்பி ஒருவர் என்னிடம் வந்து, "அங்கிள், எனக்கு மட்டும் 24 மணி நேரம் ஏன் போதவில்லை?" என்று கேட்டார். கோட்டைப் பகுதியில் அலுவலகம். ஒரு பெண் குழந்தை. கண்ணுக்குக் கீழே கருவளையம். "உட்காருங்கள், கணக்குப் போட்டுப் பார்ப்போம்" என்று காகிதத்தை எடுத்தேன். டிப்ளமோ படித்த காலத்திலிருந்தே எதையும் எழுதிக் கூட்டினால்தான் எனக்கு விளங்கும்.

கணக்கு இதுதான். அலுவலகம் 9.30 முதல் 6 மணி வரை, எட்டரை மணி நேரம். வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு 20 நிமிடம், பிளாட்பாரத்தில் 10, சி.எஸ்.எம்.டி. வரை ஃபாஸ்ட் லோக்கலில் சுமார் 70, அங்கிருந்து நடை 15. ஒரு வழிக்கு 1 மணி 55 நிமிடம். போக வர 3 மணி 50 நிமிடம். குளியல், சாப்பாடு, உடுத்தல் 2 மணி. கடை கண்ணி, குழந்தையின் பாடம் ஒன்றரை மணி. எல்லாம் போக மிச்சம் 8 மணி 10 நிமிடம். தூக்கம், பேச்சு, பாட்டு, பத்திரிகை, டி.வி., கைபேசி அனைத்துக்கும் சேர்த்து இவ்வளவுதான்.

தம்பி இரவு பன்னிரண்டரைக்குப் படுத்து ஆறு மணிக்கு எழுகிறார். தூக்கம் ஐந்தரை மணி. பயணத்தை மட்டும் ஆண்டுக்கு 290 வேலை நாட்களால் பெருக்கினால் சுமார் 1,110 மணி வருகிறது. அதாவது இரவும் பகலுமாக 46 நாட்கள் அவர் ரயிலிலும் சாலையிலும் இருக்கிறார். அந்த நேரத்தை அலுவலகம் தரவில்லை. வீட்டு வேலையும் விட்டுக்கொடுக்கவில்லை. கேட்க ஆளில்லாத தூக்கத்திலிருந்துதான் அது எடுக்கப்படுகிறது.

இரவில் தண்டவாளம் என்ன செய்கிறது?

மும்பை லோக்கல்கள் நாள்தோறும் சுமார் 3,000 நடைகள் ஓடுகின்றன. கடைசி லோக்கல் போனபின், விடியலுக்கு முன் முதல் லோக்கல் வரும்வரை இரண்டு மூன்று மணி நேரம் கிடைக்கும். அதைத்தான் பிளாக் என்போம். அப்போது மேல்கம்பியில் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, தேய்ந்த கம்பியை மாற்றுவோம், இன்சுலேட்டரைத் துடைப்போம். பாதைக்காரர்கள் தண்டவாளத்தைச் சரி செய்வார்கள். இரவில் முடியாத வேலைக்கு ஞாயிற்றுக்கிழமை மெகா பிளாக். பயணிகள் திட்டுவார்கள். ஆனாலும் கூட்டம் அதிகம் என்று பிளாக்கைத் தொடர்ந்து ரத்து செய்தால், ஒரு நாள் காலை நெரிசலில் கம்பி அறுந்து எல்லா வண்டியும் நின்றுவிடும்.

உடம்புக்குத் தூக்கம் இதே போன்ற பிளாக்தான். வளர்ந்தவர்களுக்கு இரவில் குறைந்தது 7 மணி நேரம் வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். தூக்கம் சுமார் 90 நிமிடச் சுற்றுகளாக வருகிறது. முன்னிரவுச் சுற்றுகளில் ஆழ்ந்த உறக்கம் அதிகம். விடியற்காலைச் சுற்றுகளில் கனவு வரும் உறக்கம் அதிகம். கற்றது மனத்தில் பதிவதற்கு இரண்டுமே தேவை. ஆகவே காலையில் ஒன்றரை மணி குறைத்தால் எல்லாவற்றிலும் கொஞ்சம் குறைவதாக நினைக்கக் கூடாது. ஒரு வகை உறக்கம்தான் அதிகமாகக் குறைகிறது.

இதில் ஒரு மோசம் உண்டு. பல நாள் குறைவாகத் தூங்குகிறவருக்கு "பழகிவிட்டது" என்று தோன்றும். சோதித்துப் பார்த்தால் கவனம் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே இருக்கும். தூக்கம் போதுமா என்பதைத் தூங்காதவரால் சொல்ல முடியாது. அதனால்தான் ரயில் ஓட்டுநரின் வேலை நேரத்தையும் ஓய்வையும் அவர் விருப்பத்துக்கு விடாமல் சட்டமே வரையறுக்கிறது.

நான் கற்ற விதம்

1980-களில் நடந்தது. மூன்று இரவு தொடர்ந்து பிளாக் வேலை. பகலில் ரிப்போர்ட் எழுதும் வேலை. பகலில் இரண்டு மணி நேரம் தூங்கியிருந்தால் அதிகம். நான்காம் இரவு டவுன் லைனுக்குத்தான் மின்சாரம் நிறுத்தியிருந்தது. அனுமதிச் சீட்டு என் சட்டைப் பையில். நானோ ஏணியை அப் லைன் பக்கம் கொண்டுபோகச் சொல்லிவிட்டு முன்னால் நடந்தேன். தலைக்கு மேலே 1,500 வோல்ட். வயதான மராட்டியக் கலாசி ஒருவர் என் சட்டைக் கையைப் பிடித்து, "ஸாஹேப், ஹீ லைன் நாஹி" என்றார். இந்த லைன் இல்லை ஐயா என்று அர்த்தம். மேலே ஏற இருந்தவர்கள் என் ஆட்கள் இருவர். குற்றம் முழுக்க என்னுடையது. அந்த நிமிடம் வரை நான் நன்றாக விழித்திருப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மிச்சமாகும் நேரம் எங்கே போகிறது?

"பயணம் இல்லாவிட்டால் தூங்கிவிடுவேன்" என்றார் தம்பி. 2020 மார்ச்சில் லோக்கல் நின்றது நினைவிருக்கும். எங்கள் கட்டடத்தில் பலர் வீட்டிலிருந்தே வேலை செய்தார்கள். பயண நேரம் முழுவதும் மிச்சம். ஆனால் யாரும் அதிகம் தூங்கியதாகத் தெரியவில்லை. பாதியை அலுவலக வேலை விழுங்கியது, பாதியைக் கைபேசி விழுங்கியது. முதலிலேயே ஒதுக்கி வைக்காத நேரம் தூக்கத்துக்கு வந்து சேராது என்பதே நான் கண்டது.

அட்டவணை போடும் முறை

1. தூக்கத்தை முதலில் குறியுங்கள். ஆறு மணிக்கு எழ வேண்டுமானால் பத்தரைக்குப் படுக்கை, முடியாவிட்டால் பதினொன்று. அதற்குப் பின் வருகிற எதுவும் மறுநாள் வண்டிக்கு.

2. சுணக்க நேரம் வையுங்கள். ரயில் கால அட்டவணையில் தாமதத்தை ஈடுகட்டச் சில நிமிடங்களைச் சேர்த்தே வைப்பார்கள். நாமும் காலையில் 10 நிமிடம் முன்னதாகக் கிளம்பினால் ஓடும் வண்டியில் தாவ வேண்டியதில்லை.

3. பயணத்தைச் சொந்த நேரமாக்குங்கள். லோக்கலில் பஜனை மண்டலிகள் தாளத்தோடு பாடுகிறார்கள். பெண்கள் பெட்டியில் காய் நறுக்குகிறார்கள், பூத்தொடுக்கிறார்கள். உட்கார இடம் கிடைத்தால் நாவல் படிக்கலாம். காலையில் 20 நிமிடம் கண்ணயர்வது நல்லதே. அதை இரவுத் தூக்கத்தின் கணக்கில் சேர்க்காதீர்கள். மாலையில் நெடுநேரம் தூங்கினால் இரவுத் தூக்கம் கெடும்.

4. காபி, டீயை மாலை 4 மணியோடு நிறுத்துங்கள். குடித்து ஐந்து மணி நேரம் கழித்தும் அதன் சத்தில் பாதியளவு உடம்பில் இருக்கும். கைபேசியைப் படுக்கையறைக்கு வெளியே வையுங்கள்.

5. ஞாயிறன்று பத்து மணி வரை தூங்காதீர்கள். உடம்பின் கடிகாரம் குழம்பி, அன்றிரவு தூக்கம் தள்ளிப் போகும். வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் அதிகம் போதும்.

கணக்கில் விடுபட்டவர்

தம்பி போனபின் பழைய நினைவில் என் வீட்டு அட்டவணையையும் எழுதிப் பார்த்தேன். வேலையில் இருந்த நாளில் நான், பிள்ளைகள் இருவர், என் மனைவி. நான்கு கோடு போட்டதும் திடுக்கிட்டேன். நான் பகல் ஷிப்டில் இருந்தபோது ஆறு மணிக்கு எழுவேன். குழாயில் தண்ணீர் ஐந்து மணிக்கு வரும். அதற்குள் அடுப்பு மூட்டி, மூன்று டப்பா கட்ட வேண்டும். அவள் எழுந்தது நாலரைக்கு, படுத்தது பதினொன்றுக்கு. ஐந்தரை மணி நேரம்தான். இப்படி ஏறத்தாழ முப்பது வருஷம். கம்பிக்குப் பிளாக் கேட்டுக் கட்டுப்பாட்டு அறையோடு சண்டை போட்டிருக்கிறேன். வீட்டில் அவளுக்கு ஒரு பிளாக் கேட்கத் தோன்றவில்லை. அவளிடம் காகிதத்தைக் காட்டினேன். "இதற்கு இவ்வளவு கோடு எதற்கு? என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே" என்றாள்.

ஆகவே அன்பர்களே, அட்டவணை போடும்போது வீட்டிலுள்ள அத்தனை பேருக்கும் போடுங்கள். எவர் கோடு குட்டையாக இருக்கிறதோ அவர் வேலையை மற்றவர்கள் பிரித்துக்கொள்ளுங்கள். காயை இரவே நறுக்கி வைப்பது, தண்ணீர் பிடிப்பது, டப்பாவைத் துலக்குவது ஆண்களாலும் முடிந்த காரியங்களே. அந்தத் தம்பி இப்போது தண்ணீர் பிடிக்கும் பொறுப்பை ஏற்றிருக்கிறார். இரவு பதினொன்றுக்கு அவர் வீட்டு விளக்கும் அணைந்துவிடுகிறது. எங்கள் வீட்டில் காலை டிகாக்ஷன் என் வேலை. என் மனைவி ஆறு மணி வரை தூங்குகிறாள்.